அணு உலை விபத்து நடந்தால் கருவில் உள்ள குழந்தை ஊனமாகத்தான் பிறக்குமா? கருவைக் கலைத்துவிடுவதுதான் நல்லதா?

இரண்டுக்கும் பதில் இல்லை என்பதுதான். கருவுக்கு எவ்வளவு கதிர்வீச்சு போனது, அப்போது எத்தனையாவது வாரம் என்ற இரண்டும் தெரியாமல் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மூளைக்கு மிக ஆபத்தான காலம் கருத்தரித்த 8 முதல் 15 வாரம். ஹிரோஷிமா, நாகசாகியில் அந்த வாரங்களில் கருவில் இருந்து அதிகக் கதிர்வீச்சு பட்ட சிலர் தலை சிறுத்து, அறிவு வளர்ச்சி குன்றிப் பிறந்தார்கள். கருவுக்குப் போனது 100 மில்லிகிரேக்குக் (உடம்பு வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு) கீழே என்றால் அதற்காகக் கலைக்கத் தேவையில்லை என்பது சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலை. 1986இல் உக்ரைனின் செர்னோபில் அணு உலை வெடித்தபோது கிரீஸில் பரவியது இதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் பீதியில் சுமார் 2,500 கருக்கள் கலைக்கப்பட்டதாகப் பிறகு கணக்கிட்டார்கள். வேண்டிப் பெற்றுக்கொள்ள இருந்த குழந்தைகள் அவை. ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011 அணு உலை விபத்துக்குப் பிறகு கர்ப்பிணிகளிடம் எடுத்த கணக்கெடுப்பிலும் குறைப்பிரசவம், எடைக்குறைவு, பிறவிக் குறைபாடு எதுவும் அந்நாட்டின் வழக்கமான அளவைத் தாண்டவில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது தைராய்டைப் பற்றி. சுமார் 12ஆவது வாரத்திலிருந்து கருவின் தைராய்டு அயோடினை இழுக்கத் தொடங்கும். அது கதிரியக்க அயோடின்-131 என்றாலும் விடாது. செர்னோபில் பகுதியில் அது குழந்தைகளின் உடம்புக்குள் போன முக்கிய வழி பால்: புல்லில் படிந்ததை மாடு தின்றது, பிள்ளைகள் குடித்தார்கள். இதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள்தான். ஆகவே முதல் சில வாரங்கள் உள்ளூர்ப் பாலையும் கீரையையும் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

தைராய்டைச் சாதாரண அயோடினால் நிரப்பி, கதிரியக்க அயோடின் உள்ளே போகாமல் தடுப்பது பொட்டாசியம் அயோடைடு மாத்திரை. அளவு, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 130 மில்லிகிராம், பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்கு 16. அதிகாரிகள் சொன்ன பிறகு, ஒரே ஒரு தடவை. கதிரியக்கம் வருவதற்கு முந்தைய 24 மணி நேரத்திலிருந்து வந்தபின் 2 மணி நேரம் வரை சரியான நேரம். 8 மணி வரைகூடப் பலன் உண்டு. ஒரு நாள் கடந்தபின் போட்டால் நன்மையைவிடத் தீமையே அதிகம். திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிசுவின் தைராய்டே வேலையை நிறுத்திவிடக்கூடும். அதனால் மாத்திரை போட்ட பச்சிளம் குழந்தைக்கு தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனை அவசியம். விபத்தில் வெளியாகும் இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியத்துக்கு இந்த மாத்திரையால் பயனில்லை.

அயோடின் உப்பை நம்ப வேண்டாம். ஒரு மாத்திரையில் உள்ள அயோடினுக்கு நம் கடை உப்பு 6 கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும்! புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தைக் குடிக்கவே கூடாது.

புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தண்ணீரும் முக்கியம். 2011 மார்ச்சில் டோக்கியோவின் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரில் கிலோவுக்கு 210 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயோடின்-131 இருந்தது. கைக்குழந்தைக்கான வரம்பு 100 என்பதால் நகர நிர்வாகமே பாட்டில் தண்ணீர் கொடுத்தது. கொதிக்க வைத்தால் அயோடின் போகாது. தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும்.