பி.டி. சரியாக இருந்து ஏ.பி.டி.டி. மட்டும் நீண்டிருந்தால் என்ன பொருள்?

பல் பிடுங்கிய பின் ரத்தம் நிற்காத மகனுக்குத் தருமபுரியில் எடுத்த பரிசோதனையில் பி.டி. (புரோத்ராம்பின் நேரம்) 12 விநாடி, ஏ.பி.டி.டி. (தூண்டப்பட்ட பகுதி திராம்போபிளாஸ்டின் நேரம்) 70 விநாடி என வந்ததாகக் கேட்டிருக்கிறீர்கள். ரத்தத்தின் பிளாஸ்மா (அணுக்கள் நீங்கிய திரவப் பகுதி) எத்தனை விநாடியில் உறைகிறது என்பதை இரண்டும் இரு வேறு வழிகளில் தூண்டி அளக்கின்றன. இயல்பு அளவு முன்னதற்கு ஏறத்தாழ 11 முதல் 14, பின்னதற்கு 25 முதல் 38 விநாடி.

நம் ஊர் ஏரிக்கு இரண்டு வாய்க்கால்கள் வந்து சேர, ஒரே மதகு வழியாக வயலுக்கு நீர் பாய்வதாகக் கொள்ளுங்கள். ஒரு வாய்க்காலில் விட்ட நீர் நேரத்தோடு வயலை அடைந்து, மற்றதில் விட்டது மட்டும் தாமதமானால், மதகில் பழுதில்லை, அந்த வாய்க்காலில்தான் அடைப்பு. அதுபோல ஏ.பி.டி.டி. மட்டும் நீளும்போது, ரத்தம் கசியும் ஒருவரிடம் 8, 9 அல்லது 11ஆம் உறைவுக் காரணியின் (ரத்தம் உறைய உதவும் புரதத்தின்) குறையைத் தேட வேண்டும். ஆண் பிள்ளையிடம் முதலில் நினைக்க வேண்டியது ஹீமோபிலியா, அதாவது 8 அல்லது 9ஆம் காரணி பரம்பரையாகக் குறைந்திருக்கும் நோய். மகனின் பிளாஸ்மாவில் இயல்பான பிளாஸ்மாவைச் சம அளவு கலந்ததும் நேரம் சரியானால் காரணி குறைவு என்றும், சரியாகாவிட்டால் உறைவைத் தடுக்கும் பொருள் ஏதோ இருக்கிறது என்றும் கொண்டு, பிறகு ஒவ்வொரு காரணியையும் அளப்பார்கள். அதுவரை ஆஸ்பிரினும் தசை ஊசியும் தயவுசெய்து வேண்டாம்.

இரண்டும் இயல்பாக வந்தால் ரத்தக்கசிவு நோயே இல்லை என்று பலர் நம்புவது தவறு. தட்டணுக் (கசிவை அடைக்கும் சிறு ரத்த அணுக்கள்) கோளாறும், 13ஆம் காரணிக் குறைவும், லேசான வான் வில்லிபிராண்ட் நோயும் (தட்டணுக்கள் ஒட்ட உதவும் புரதத்தின் குறை) இவற்றில் தெரியாமல் போகலாம்.