வில்லன்களுக்குச் சிறை, நமக்குப் புகைக்கொட்டகை

சினிமாக் கேள்வி-பதில், சுங்கை சிப்புட்டிலிருந்து

போன இதழில் சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி இரண்டு வரி எழுதப்போக, கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இடமில்லை. என்னோடு சண்டை போடுகிற கடிதங்களாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்.

கேள்வி (லுனாஸ் வாசகர்): ஓடிடியில் ஒரு சூப்பர் ஹீரோ படம் பார்த்தேன். வில்லன்களை மட்டும் அடைக்கும் சிறையில் கதை. ஒன்றரை மணி நேரத்தில் மூன்று அறை, ஒரு நடை, அவ்வளவுதான். வில்லன்கள் கழுத்தில் ஏதோ பட்டை, அதைப் போட்டால் சக்தி வேலை செய்யாதாம். ஹீரோ கடைசியில்தான் பறக்கிறார், அதுவும் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு. காசில்லாதவர்கள் எதற்கு இந்த மாதிரிப் படம் எடுக்க வேண்டும்?

பதில்: காசில்லாதவர்கள்தான் இந்தக் கதையை எடுக்க வேண்டும் என்பேன். யோசித்துப் பாருங்கள். சூப்பர் ஹீரோ படத்தில் பணத்தைத் தின்பது எது? பறப்பது, கட்டடம் இடிவது, நெருப்பு. சிறைக்குள் வந்த வில்லனிடம் முதலில் பிடுங்குவதே அந்தச் சக்தியைத்தான். கழுத்துப் பட்டையை மாட்டிவிட்டால் கிராஃபிக்ஸ் செலவு போச்சு, மிச்சம் இருப்பது நாலு சுவரும் நாலு கோபக்காரர்களும். அவர்கள் பேசித்தான் ஆக வேண்டும், அங்கே எழுத்து நன்றாக இருந்தால் படம் நிற்கும்.

எம். நைட் ஷியாமளனின் ‘கிளாஸ்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள் (மாஹேயில் பிறந்தவர், அம்மா தமிழ்க்காரர், நம்ம ஊர் கோப்பிக்கடையில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்). 2019-ல் வந்த அந்தப் படத்துக்குச் செலவு சுமார் 2 கோடி டாலர். அதே வருஷம் வந்த அவெஞ்சர்ஸ் படத்துக்கு 35 கோடிக்கு மேல். ஷியாமளன் மூன்று பேரை ஒரு மனநல மருத்துவமனையில் அடைத்துப் போடுகிறார், படம் பிடித்ததும் பென்சில்வேனியாவில் மூடிக் கிடந்த ஒரு பழைய மனநல மருத்துவமனையில்தான். தண்ணீர்தான் ஒருவனுடைய பலவீனம், அவன் அறையில் தண்ணீர் பீய்ச்சும் குழாய். இன்னொருவன் பளிச்சென்று வெளிச்சம் அடித்தால் வேறு ஆளாக மாறிவிடுவான், அவன் அறையில் விளக்குகள். குழாயும் விளக்கும்! ஊரிலேயே உயரமான கோபுரத்தில் சண்டை என்று படம் முழுக்க பில்டப் கொடுத்துவிட்டு, கடைசியில் ஆஸ்பத்திரி வாசலிலேயே அடித்துக்கொள்ள வைப்பார். நிறையப் பேருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது, கோபுரத்தைக் கட்டியிருந்தால் அது எல்லாரும் எடுக்கிற படமாகியிருக்கும்.

நீங்கள் பார்த்த படத்தின் தப்பு ஏழ்மை இல்லை, அந்த ஏழ்மைக்கு வெட்கப்பட்டது. எண்பது நிமிஷம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த படம், கடைசி பத்து நிமிஷத்தில் நானும் பறப்பேன் என்று எழுந்து, முடியாமல், விளக்கை அணைத்திருக்கிறது. பறக்காமலே விட்டிருந்தால் நீங்கள் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

கேள்வி (பத்து காஜா வாசகி): காமிக்ஸ், படம் எதை எடுத்தாலும் வில்லன் தப்பித்துவிடுகிறான். இவ்வளவு மோசமான சிறையை எதற்குக் கட்டுகிறார்கள்?

பதில்: தப்பிப்பதற்காகத்தான் கட்டுகிறார்கள் அம்மா. பேட்மேன் காமிக்ஸில் வில்லன்களை அடைக்கும் ஆர்க்கம் என்ற மனநலக் காப்பகம் முதலில் வந்தது 1974 அக்டோபரில். மாதா மாதம் புத்தகம் வர வேண்டும், ஜோக்கரைக் கொன்றுவிட்டால் அடுத்த மாதம் யாரை வைத்து விற்பது? அதனால் ஒரு கதவு வேண்டும், உள்ளே போகவும் வெளியே வரவும்.

ஆனால் தப்பிக்கும் வழி நன்றாக இருந்தால் நான் மன்னித்துவிடுவேன். 2003-ல் வந்த இரண்டாவது எக்ஸ்-மென் படத்தில், இரும்பை இழுக்கும் மாக்னீட்டோவைப் பிளாஸ்டிக் அறையில் அடைத்திருப்பார்கள், ஒரு ஆணிகூடக் கிடையாது. வெளியிலிருக்கும் கூட்டாளி என்ன செய்கிறாள் என்றால், லீவில் குடிக்கப் போன காவலாளியின் உடம்பில் இரும்புக் கரைசலை ஊசி வழியாக ஏற்றிவிடுகிறாள். மறுநாள் அந்த ஆள் சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் நுழைகிறான், மாக்னீட்டோ சிரிக்கிறார். எவ்வளவு பாதுகாப்பான சிறையிலும் தினம் உள்ளே போய் வருகிற ஒருவர் உண்டு, அவருக்குச் சம்பளம் குறைவு, வீட்டில் பிரச்சினை. வில்லன் சிறைக் கதையில் உண்மையான கதாநாயகன் அந்தக் காவலாளிதான் என்பது என் கட்சி.

கேள்வி (தெலுக் இந்தான் வாசகர்): மலேசியாவில் சூப்பர் ஹீரோ உண்டா?

பதில்: 2006-லேயே சிச்சாக்மேன் வந்துவிட்டார். பல்லி விழுந்த கோப்பியைக் குடித்துச் சக்தி பெற்றவர், சைஃபுல் அப்பேக் நடித்தார், தியேட்டரில் சிரித்து வயிறு வலித்தது. ஆனால் நம் தலைப்புக்குப் பொருத்தமானவர் தொலைக்காட்சிக் கார்ட்டூனில் வந்த கெலுவாங் மேன். ஜொகூர், தம்போய் மனநல மருத்துவமனையில் இருக்கும் நோயாளி, ராத்திரியில் வௌவால் வேஷத்தில் வெளியே போய்த் திருடர்களைப் பிடித்துவிட்டு, திரும்ப வந்து தன் கட்டிலில் படுத்துக்கொள்வார். மற்ற ஊரில் வில்லனை அடைத்தார்கள், இங்கே ஹீரோவே உள்ளே இருந்தார்.

கேள்வி (சுங்கை சிப்புட் இளைஞர்கள் நால்வர்): அண்ணே, இருபது நிமிஷக் குறும்படம் எடுக்கப்போகிறோம், வில்லன்கள் சிறைதான் கதை. கையில் 3,000 வெள்ளி இருக்கிறது. தைப்பிங் சிறையில் அனுமதி கிடைக்குமா? இல்லை, எங்கள் தோட்டத்தில் பழைய ரப்பர் புகைக்கொட்டகை ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் எடுக்கலாமா?

பதில்: தம்பிகளா, தைப்பிங்கை மறந்துவிடுங்கள். 1879-ல் தொடங்கியது, இன்னும் கைதிகள் இருக்கும் சிறை, வேஷம் போட்டு விளையாட விடமாட்டார்கள். கோலாலம்பூரின் பழைய புடு சிறையும் இல்லை, 1996-ல் மூடி 2010-ல் சுவரை இடித்தார்கள், அந்த நிலத்தில் இப்போது பெரிய ஷாப்பிங் மால், பழைய வாசல் மட்டும் ஞாபகத்துக்கு நிற்கிறது. புகைக்கொட்டகைதான் சரி. சொல்லப்போனால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

ஏன் என்றால், ரப்பர் ஷீட் காயப்போட்ட மரக் கழிகள் வரிசையாக இருக்கும், அதுவே சிறைக் கம்பி. ஜன்னல் குறைவு, மேலே புகை போக விட்ட திறப்பில் காலையில் வெளிச்சம் சாய்ந்து விழும், அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஒரு தொல்லை, சுவர் முழுக்கக் கரி. அது வெளிச்சத்தை விழுங்கிவிடும். கறுப்புச் சட்டை போட்ட வில்லன் காணாமலே போவான், அதனால் கைதிகளுக்கு வெளிர் நிறத் துணி கொடுங்கள். உண்மையான சிறை அதிகாரிகளின் சீருடை மாதிரி எதையும் தைக்காதீர்கள், வீண் வம்பு. கழுத்துப் பட்டைக்கு மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டி, ஒரு சின்னச் சிவப்பு விளக்கை ஒட்டினால் போதும்.

தகரக் கூரை என்றால் சாயங்காலம் மழை அடிக்கும்போது ஒரு வசனமும் கேட்காது. பேசும் காட்சிகளைக் காலையில் முடித்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் பேசாத காட்சிகளை எடுங்கள். ஜெனரேட்டரை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியுமோ கொண்டுபோங்கள். கேமராவுக்குச் செலவு பண்ணுகிற காசில் பாதியை மைக்குக்கு ஒதுக்குங்கள், படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் மோசமாக இருந்தால் எழுந்து போய்விடுவார்கள். அப்புறம் உள்ளே போவதற்கு முன்னால் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு தரையைத் தட்டிப் பாருங்கள். சுற்றிலும் செம்பனை, எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும், பலகையும் உளுத்திருக்கும்.

அனுமதி விஷயத்தில் சோம்பல் வேண்டாம். தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள், தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி வாயால் சரி என்று சொன்னது நாளைக்கு உதவாது. படப்பிடிப்புச் சான்றிதழ் பற்றி ஃபினாஸிடம் (நம் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

காசைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ராபர்ட் ரோட்ரிக்ஸ் 1992-ல் வெளிவந்த ‘எல் மரியாச்சி’யைச் சுமார் 7,000 டாலரில் எடுத்தார், அதில் ஒரு பகுதிக்காக மருந்துப் பரிசோதனைக்குத் தன் உடம்பையே கொடுத்தார் (இதை மட்டும் பின்பற்றாதீர்கள்). அந்தப் படமே சிறையில்தான் தொடங்கும், உள்ளே இருந்தபடியே போனில் தொழில் நடத்துகிற ஒரு வில்லனோடு. சக்தி எதுவும் இல்லை, அவன் உட்கார்ந்திருக்கிற தோரணையிலேயே பயம் வந்துவிடும்.

கதைக்கு ஒரு யோசனை, வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். வில்லனின் சக்தியைக் காட்டாதீர்கள், காவலாளி நடந்துகொள்வதை வைத்துக் காட்டுங்கள். ஒருவன் அறை முன்னால் மட்டும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறார். இன்னொருவனுக்குக் கொடுத்த தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) ஒரு மணி நேரம் கழித்தும் ஆவி பறக்கிறது, அவர் அதைப் பார்க்காத மாதிரி இருக்கிறார். காவலாளி வேஷத்துக்கு வாலிபனைப் போடாதீர்கள். தொழிலாளர்களை மேய்த்து ஓய்வு பெற்ற மண்டோர் யாராவது உங்கள் தோட்டத்தில் இருப்பார், ஆள் எண்ணிக்கை எடுக்கிற விதத்தை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். நன்றாக இல்லையென்றால் இந்தப் பக்கத்திலேயே திட்டுவேன்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி மாணவன், ஆறாம் ஆண்டு): வில்லன்களுக்குத் தீபாவளிக்கு லீவு விடுவார்களா?

பதில்: விடமாட்டார்கள் தம்பி. டிசி காமிக்ஸில் லூசியானாவில் இருக்கும் பெல் ரீவ் சிறையில், உயிரைப் பணயம் வைத்து அரசாங்கத்துக்கு ஒரு வேலை முடித்துக் கொடுத்தால் தண்டனையைக் குறைப்பார்கள், ஆனால் லீவு கிடையாது. முறுக்கு வேண்டுமானால் அனுப்பிப் பார், காவலாளி கை வைத்தது போக மிச்சம் போய்ச் சேரும்.