பகலில் 2 ரூபாய், பில்லில் ஏன் இவ்வளவு?

கேள்வி: கல்யாணமாகி ஜோத்பூரில் இருக்கிறாள் என் மகள். அங்கே திரும்பின பக்கமெல்லாம் சோலார், யூனிட் 2 ரூபாய்தான் என்று பேப்பரில் வருகிறது. அவள் வீட்டு கரண்ட் பில்லோ அதைப்போல மூன்று மடங்கு. இது என்ன கணக்கு, ஐயா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: பேப்பரில் வந்தது பொய்யில்லை அம்மா. 2017-ல் ராஜஸ்தானின் பட்லா சோலார் பூங்கா ஏலம் யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு முடிந்தது. 2020-ல் அதே மாநிலத்தில் 2 ரூபாய்க்கே தருவதாக ஏலம் கேட்டார்கள். ஆனால் அது பூங்கா வாசலில் விற்கிற விலை, அதுவும் வெயில் அடிக்கிற நேரத்துக்கு மட்டும். உங்கள் மகள் வீட்டில் ஏ.சி. ஓடுவது ராத்திரியில்.

நான் நம் நீலகிரியில் சிங்காரா பவர் ஹவுஸில் வேலை பார்த்தவன். 1932-ல் ஓட ஆரம்பித்த பைக்காரா நீர்மின் நிலையம் அது. விளக்கு வைக்கிற நேரத்தில் 'லோடு ஏத்துங்க', அதாவது உற்பத்தியைக் கூட்டுங்கள் என்று போன் வரும். மூவாயிரம் அடி இறங்கி வருகிற தண்ணீர், குழாய் முனையை அடைத்திருக்கும் நாசில் ஊசியைச் சற்றே பின்னுக்கு இழுத்ததும், ஜெனரேட்டரைச் சுழற்றும் பெல்டன் சக்கரத்தில் இன்னும் பலமாக அடிக்கும். தரை அதிர்வது உள்ளங்காலில் தெரியும், மீட்டர் முள் ஏறும். கேட்ட நேரத்தில் கரண்ட்.

சோலாருக்கு அந்த வசதி கிடையாது. பொழுது சாய்ந்தால் ராஜஸ்தானும் நிலக்கரியைத்தான் பெரிதும் நம்புகிறது. அந்த அனல் நிலையங்கள் பகலில் குறைத்து ஓடினாலும் நிலைக்கட்டணம் கொடுத்தாக வேண்டும். அதோடு லைன் செலவு, வழியில் இழப்பு, பழைய கடனுக்கு வட்டி. எல்லாம் பில்லில்தான் வந்து விழும்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறு. மத்தியானம் விளைகிற மின்சாரத்தைக் கொண்டுபோக லைன் போதாமல், சில நேரம் உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறார்கள். லைனில் மோதிச் சாகிற கானமயில் என்ற அரிய பறவையைக் காப்பாற்ற 2021-ல் உச்ச நீதிமன்றம் லைன்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது, 2024-ல் தளர்த்தியது. பறவை மேல் பழி போடாதீர்கள். பூங்காவுக்கு இடம் பார்த்தபோதே லைனுக்கும் வழி பார்த்திருக்க வேண்டும்.

பகல் மின்சாரத்தை ராத்திரிக்குச் சேர்த்துவைக்க நம் மலையில் இடம் இருக்கிறது. குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று நிலையத் திட்டம் அதற்குத்தான்: அவலாஞ்சி–எமரால்டு தண்ணீரைப் போர்த்திமந்துக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்குவது. ஏற்றச் செலவாகும் மின்சாரத்தில் முக்கால் பங்கு திரும்பக் கிடைத்தாலே எனக்குத் திருப்தி.

மகளுக்குச் சொந்த வீடென்றால் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போடச் சொல்லுங்கள். 2024-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. வாடகை வீடென்றால் முதலில் வீட்டுக்காரரிடம் பேசட்டும்.