போர்ஷே பாக்ஸ்டரில் ஸ்பார்க் பிளக்கை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

முடியும். 986 எனப்படும் முதல் தலைமுறை பாக்ஸ்டரில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் படுத்த வாக்கில் இருப்பதால் மேலிருந்து பிளக் கண்ணிலேயே படாது. பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றுங்கள். பக்கத்துக்கு மூன்று பிளக். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். பிளக் பொருந்தும் எஞ்சின் ஹெட் அலுமினியம்; சூட்டில் கழற்றினால் மரை போய்விடும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களை எடுத்ததும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஈரத்தில் எஞ்சின் திக்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். குழியிலுள்ள தூசியை ஊதிவிட்டுத்தான் பிளக்கைத் தளர்த்த வேண்டும்.

புதியதை ஒரு ரப்பர் குழாயில் செருகி, விரலால் சுற்றுங்கள். மரை சரியாகப் பிடித்தால் தானாக உள்ளே போகும். முரண்டு பிடித்தால் உடனே நிறுத்தி, பின்னால் சுற்றி எடுங்கள். கடைசி இறுக்கம், முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில், 30 நியூட்டன் மீட்டர்.