120/80 என்று எழுதும் பிள்ளைகள்: மருத்துவ ஆசிரியர்களின் கேள்விகளும் என் பதில்களும்

மதுரையிலும் பக்கத்து ஊர்களிலும் எம்பிபிஎஸ், நர்சிங், பிசியோதெரபி மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் 30 வருடங்களுக்கு மேல் பிசியாலஜி, அதாவது உடல் இயங்கும் விதத்தைச் சொல்லும் பாடம், நடத்தியவள். கடைசி சில வருடங்கள் கல்லூரியின் மருத்துவக் கல்விப் பிரிவையும் பார்த்துக்கொண்டேன். ஓய்வு பெற்றாயிற்று, அதனால் கொஞ்சம் தைரியமாகவே பேசலாம்.

மேடம், என் ஹாலில் 250 பேர். மதிய வகுப்பில் பாதிப் பேர் தூங்குகிறார்கள். ஸ்லைடுகளை இன்னும் எப்படி நன்றாகச் செய்வது? (துணைப் பேராசிரியர், பிசியாலஜி)

ஸ்லைடை விடுங்கள் தம்பி. நீங்கள் எவ்வளவு அழகாகச் செய்தாலும் அது உங்களுக்குத்தான் வேலை, அவர்களுக்கு இல்லை. தூங்குகிறவனுக்கு வேலை கொடுங்கள்.

நான் ரத்த அழுத்தம் நடத்தும்போது இப்படித் தொடங்குவேன். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடியற்காலையிலிருந்து வைகைக் கரையில் நிற்கிறார் ஒருவர். வெயில் ஏறுகிறது, கூட்டம் நெருக்குகிறது, அவர் மயங்கி விழுகிறார். தரையில் விழுந்த கொஞ்ச நேரத்தில் தெளிந்தும் விடுகிறார். ஏன் மயங்கினார், ஏன் தெளிந்தார்? பக்கத்தில் இருப்பவனோடு இரண்டு நிமிடம் பேசி ஒரு வரி எழுதுங்கள் என்று விட்டுவிடுவேன். ஹால் சந்தைக்கடையாகிவிடும், ஆகட்டும். காலில் தேங்கிய ரத்தம், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம், படுத்ததும் அது கூடுவது எல்லாம் அவர்கள் வாயிலிருந்தே வரும். யாராவது ஒருத்தி எழுந்து, "அப்போ அவரைத் தூக்கி உட்கார வைக்கிறது தப்பா மேடம்?" என்பாள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய பாடம் முடிந்த மாதிரி. மிச்சத்துக்குப் புத்தகம் இருக்கிறது.

ஒன்று மட்டும்: கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் பள்ளி வகுப்புகளில் அளந்து காட்டினார். அதை மூன்று வினாடி ஆக்கினாலே பதில்கள் நீளமாகவும், அதிகம் பேரிடமிருந்தும் வந்தன. மூன்று வினாடி மௌனம் மேடையில் நிற்பவருக்கு மூன்று யுகம் மாதிரி இருக்கும். பழகிவிடும்.

அரசுப் பள்ளியிலிருந்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரும் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. தமிழில் நடத்தினால் பரீட்சையில் ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறுவார்களோ என்று பயம். (உதவிப் பேராசிரியர், பொது மருத்துவம்)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒதுக்கீடு 2020ல் வந்த பிறகுதான் நம்மில் பலர் இதைக் கவனித்தோம். அதற்கு முன்பும் தமிழ்வழிப் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், சத்தமில்லாமல் பின்வரிசையில். விளக்கம் தமிழில் இருக்கட்டும், கலைச்சொல் ஆங்கிலத்தில் போர்டில் இருக்கட்டும். புரியாத விஷயத்தைப் புரியாத மொழியில் மனப்பாடம் செய்பவன்தான் பரீட்சையில் தடுமாறுகிறான்.

ஆனால் இதை அந்தப் பிள்ளைகளின் குறையாக மட்டும் பார்க்காதீர்கள். வார்டுக்குள் நுழைந்ததும் நிலைமை தலைகீழ். ஒரு முறை வார்டுக்குப் போயிருந்தபோது ஒரு மாணவி எழுதிய கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா "வீட்டுக்குத் தூரமாகி ரெண்டு மாசமாச்சு" என்று சொல்லியிருக்கிறார். இந்தப் பெண் நல்ல பள்ளியில் ஆங்கிலத்தில் படித்தவள். நோயாளி ஊரை விட்டு வந்து இரண்டு மாதம் ஆகிறது என்று எழுதி வைத்திருந்தாள். மாதவிலக்கு நின்று இரண்டு மாதம் என்பது அந்த அம்மா சொன்னது! கர்ப்பமா என்ற கேள்வியே அங்கே விழாமல் போயிற்று. "மேலுக்கு முடியல", "கிறுகிறுன்னு வருது", "வெட்டு வந்துச்சு", "நெஞ்சு கரிக்குது" இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. உங்கள் வகுப்பில் வாய் திறக்காத அந்தப் பையனுக்கு இவை தாய்ப்பால் மாதிரி.

அதனால் கேஸ் எடுக்க அனுப்பும்போது இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டில் வந்த வடநாட்டுப் பெண்ணோ சென்னைப் பையனோ ஒருவர், மேலூர் உசிலம்பட்டிப் பிள்ளை ஒருவர். நோயாளியின் சொல்லை அப்படியே தமிழில் எழுதி, பக்கத்தில் மருத்துவச் சொல்லை எழுதச் சொல்லுங்கள். 2019ல் வந்த புதிய பாடத்திட்டத்திலேயே படிப்பின் தொடக்கத்தில் வரும் ஃபவுண்டேஷன் கோர்ஸில் மொழிக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், நோயாளியிடம் பேசிப் பழக ஏட்காம் வகுப்புகளும் இருக்கின்றன. பல இடங்களில் அந்த நேரத்தை ஒரு லெக்சர் தின்றுவிடுகிறது.

ஓபியில் கூட்டம் தாங்கவில்லை. ஹவுஸ் சர்ஜனுக்கு (பயிற்சி மருத்துவருக்கு) சொல்லித்தர நேரமே கிடைப்பதில்லை மேடம். (மூத்த ரெசிடென்ட்)

ஒரு நோயாளிக்கு ஒன்றிரண்டு நிமிடம் அதிகமாகக் கிடைத்தால் போதும். 'ஒரு நிமிட ஆசிரியர்' என்றொரு முறை 1992லிருந்தே இருக்கிறது. அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் உருவாக்கியது.

காய்ச்சல் நோயாளியை அவன் பார்த்துவிட்டு வந்து நிற்கிறான். வழக்கமாக நீங்கள் என்ன செய்வீர்கள்? நீங்களே நாலு கேள்வி கேட்டு, நீங்களே மருந்து எழுதுவீர்கள். அதற்குப் பதிலாக, "நீ என்னன்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். "டெங்கு சார்." "எதை வச்சுச் சொல்ற?" அவன் காரணம் சொல்லட்டும். அப்புறம் ஒரே ஒரு பொது விதி: டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்துக் கட்டம் தொடங்கும், அதனால் காய்ச்சல் விட்டது என்று கேட்டதும் நிம்மதியாகாதே. அடுத்து அவன் சரியாகச் செய்ததைச் சொல்லுங்கள், "வயிற்றுவலி இருக்கான்னு கேட்டியே, அது நல்லது." கடைசியாக விட்டதைச் சொல்லுங்கள், "வாந்தி நிக்காம இருக்கான்னு கேட்கலை." அவ்வளவுதான். எல்லா நோயாளிக்கும் இப்படிச் செய்ய முடியாது. ஒரு ஓபியில் மூன்று பேருக்குச் செய்யுங்கள்.

ஐவி கேன்யுலா (மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் சிறு குழாய்) போடச் சொல்லித்தர வேண்டும். 40 மாணவிகள், ஒரே ஒரு பொம்மைக் கை. (நர்சிங் விரிவுரையாளர், திருமங்கலம்)

நாலு படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பேசாமல் முழு வேகத்தில் செய்து காட்டுங்கள். இரண்டாவது முறை ஒவ்வொரு அசைவையும் விளக்கிச் செய்யுங்கள். மூன்றாவது முறை மாணவி சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள், அவள் சொல்லாததைச் செய்யாதீர்கள். கையை இறுக்கிக் கட்டிய டூர்னிகேட் பட்டையைக் கழற்றச் சொல்ல மறந்தால் கழற்றாமல் நில்லுங்கள். வகுப்பே கத்தும்! நாலாவது முறை அவளே சொல்லிச் செய்யட்டும். இதைப் பெய்டன் முறை என்பார்கள். முதல் மூன்று படிக்கு 40 பேரும் பார்த்தால் போதும். நாலாவதுக்கு மட்டும் சிறு குழுவாகப் பிரியுங்கள், முடித்தவள் அடுத்தவளைக் கவனிக்கட்டும்.

நம்மூர் அரவிந்த் கண் மருத்துவமனை 1976ல் 11 படுக்கையோடு தொடங்கியது. அங்கே கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்துக் கண் பரிசோதனைக்கும் தியேட்டர் உதவிக்கும் தயார் செய்கிறார்கள். பெரிய வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொன்றையும் கை பழகும்வரை செய்ய விடுவது எப்படி என்று பார்க்க நீங்கள் வெளிநாடு போக வேண்டாம், அண்ணா நகர் போனால் போதும்.

எங்கள் சீஃப் நோயாளி முன்னாலேயே பிஜிக்களை (முதுநிலை மாணவர்களை) திட்டுவார். கேட்டால் "நாங்களும் திட்டு வாங்கித்தான் வளர்ந்தோம்" என்கிறார். அதில் உண்மை இல்லையா? (பெயர் வேண்டாம் என்றார்)

நானும் திட்டியவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிபி எடுக்கத் தெரியாத ஒரு பையனை பிராக்டிகல் ஹாலில் எல்லோர் முன்பும் கிழித்துத் தொங்கவிட்டேன். அடுத்த வாரம் அவன் ரெக்கார்டைப் பார்த்தால் 120/80. அவனுடைய பார்ட்னருக்கும் 120/80. அந்த பேட்சில் முக்கால்வாசிப் பேருக்கு 120/80. எனக்கு முதலில் சந்தோஷம், அப்புறம்தான் உறைத்தது. காதில் சத்தமே கேட்காதவன்கூட அதைச் சொல்லப் பயந்து, புத்தகத்தில் இருக்கும் எண்ணை எழுதியிருக்கிறான்.

உங்கள் சீஃபிடம் வாதம் செய்யாதீர்கள், பலன் இருக்காது. உங்களுக்குக் கீழே இருப்பவர்களிடம் நீங்கள் வேறு மாதிரி இருங்கள். நோயாளி முன்னால் தப்பைத் திருத்தலாம், ஆளைத் திருத்தக் கூடாது. அவன் என்ன செய்தான் என்று நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும், அதே நாளில், தனியாகச் சொல்லுங்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தேர்வாளரின் மூடைப் பொறுத்து மார்க் விழுகிறது. (பிசியோதெரபி ஆசிரியர்)

அதற்குத்தான் 1975லேயே ஸ்காட்லாந்தின் டண்டியில் ஹார்டனும் அவர் சகாக்களும் ஆஸ்கி தேர்வைக் கொண்டுவந்தார்கள். எல்லா மாணவருக்கும் அதே நிலையங்கள், அதே நேரம், முன்பே எழுதிய செக்லிஸ்ட். பல்கலைக்கழகத் தேர்வு உங்கள் கையில் இல்லை, இன்டர்னல் இருக்கிறது. ஐந்து நிலையத்தோடு தொடங்குங்கள். செக்லிஸ்டை மூன்று பேர் சேர்ந்து எழுதுங்கள். ஒருவர் எழுதினால் அது அவருடைய மூடாகிவிடும்.

மாணவர் கருத்துப் படிவத்தில் எனக்கு எப்போதும் ஐந்துக்கு ஐந்து. நான் நல்ல ஆசிரியர்தானே?

இருக்கலாம். அரைத்தாளைக் கொடுத்து, "இன்று எது புரியவில்லை?" என்று பெயரில்லாமல் எழுதச் சொல்லிப் பாருங்கள்.

மருத்துவ ஆசிரியர்களுக்கான மூன்று நாள் அடிப்படைப் பயிற்சி முடித்தேன். பதவி உயர்வுக்குச் சான்றிதழ் கிடைத்தது. துறைக்குத் திரும்பியதும் எல்லாம் பழையபடி. தவறு என்னிடமா? (இணைப் பேராசிரியர், நுண்ணுயிரியல்)

நானே நடத்திய பயிற்சிகளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், அதனால் ஒப்புக்கொள்கிறேன். மூன்று நாளில் சொற்கள் பழகும். கை பழகாது. எம்பிபிஎஸ் மாணவனை ஒரு லெக்சர் கேட்டுவிட்டு அறுவை சிகிச்சை செய் என்று அனுப்புவோமா? ஆசிரியரை மட்டும் அப்படித்தான் அனுப்புகிறோம்.

உங்கள் துறையில் நம்பிக்கையான ஒருவரை, முடிந்தால் உங்களைவிட ஜூனியரை, மாதம் ஒரு முறை உங்கள் வகுப்பில் பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், "சூப்பர் மேடம்" என்றுதான் வரும். அவரிடம் ஒரு வேலை கொடுங்கள்: நான் எத்தனை கேள்வி கேட்டேன், ஒவ்வொன்றுக்கும் எத்தனை வினாடி காத்திருந்தேன், எத்தனைக்கு நானே பதில் சொன்னேன். எண்ணிக்கை மட்டும் போதும், கருத்து வேண்டாம். அடுத்த வாரம் நீங்கள் அவர் வகுப்பில் உட்காருங்கள். எனக்கு முதல் முறை வந்த கணக்கு: 22 கேள்வி, 19க்கு நானே பதில். அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.