கேள்வி – பதில்: களவா ஏன் விழுங்கவில்லை?

கேள்வி: விரல் நீளமே உள்ள, உடல் நெடுகக் கரும்பட்டை ஓடும் நீல மீன் ஒன்று பெரிய களவா மீனின் திறந்த வாய்க்குள் நுழைந்து நிதானமாக வெளியே வருவதைத் தொலைக்காட்சியில் கண்டேன். களவா அதை விழுங்காமல் விட்டது ஏன்?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: நீங்கள் கண்டது ராஸ் குடும்பத்தைச் சேர்ந்த துப்புரவு மீன்; அறிவியல் பெயர் லேப்ராய்டிஸ் டிமிடியாட்டஸ். செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை பவளப்பாறைகளில் வாழும் இது, சுமார் 14 செ.மீ. வரையே வளரும். பாறையில் ஓரிடத்தைக் கடைபோல் வைத்துக்கொண்டு, அங்கே நாடிவரும் மீன்களின் தோலிலும் செவுளிலும் வாயிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்கிறது. ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் அலெக்சாண்ட்ரா கிரட்டர் செய்த ஆய்வின்படி, ஒரு துப்புரவு மீன் நாளொன்றுக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. ஒருவேளை இரைக்காக இந்தப் பணிவிடையை இழப்பது களவாவுக்கு நட்டம்.

இதை நட்பு என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. துப்புரவு மீனுக்கு மிகவும் பிடித்தது ஒட்டுண்ணியன்று, வந்த மீனின் தோல்மீதுள்ள வழவழப்பான கோழைப் படலமே. அதைக் கடித்துவிட்டால் வாடிக்கை மீன் துள்ளி விலகும், அல்லது துரத்த வரும். வேறு மீன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்தக் கள்ளத்தனம் குறைந்துவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் சோதித்துக் கண்டது. ஓர் ஆணும் பல பெண்களும் கொண்ட குழுவாக வாழும் இவற்றில், இணையாகப் பணி செய்யும்போது பெண் மீன் கடித்துவிட்டால் ஆண் மீன் அதை விரட்டித் தண்டிக்கிறது. வாடிக்கை மீனின்மேல் கரிசனம் என்று இதற்குப் பொருளில்லை; வந்தது போய்விட்டால் ஆணின் பங்கும் போய்விடும், அவ்வளவே.

அந்த ஆண் இறந்துவிட்டால் கதை இன்னும் விசித்திரம். குழுவிலேயே பெரிய பெண் மீன் சில மணி நேரத்திற்குள் ஆணைப் போல நடக்கத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் முழு ஆணாகவே மாறிவிடுகிறது.

பவளப்பாறைக்கு முக்குளிக்கச் செல்வோருக்கு ஒரு குறிப்பு: இதே நிறத்தையும் ஆட்டத்தையும் காட்டி அருகில் வந்து, நம்பி நிற்கும் மீனின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடும் பிளென்னி வகை மீன் ஒன்றும் அங்கே உண்டு. வாய் முகத்தின் நுனியில் இருந்தால் அது அசல். முகத்தின் அடியில் இருந்தால் போலி.