"ஆயா வேலை" என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: அக்கா, சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு ஆறு மாதமாக ஒரு குழந்தைகள் இல்லத்தில் இல்லத்தாயாக இருக்கிறேன். 'இவ்வளவு படிச்சிட்டு ஆயா வேலைக்கா போற?' என்று வீட்டில் கேட்கிறார்கள். வெளியில் இருப்பவர்களோ 'புண்ணியம் பண்றம்மா' என்கிறார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. என்ன சொல்வது?
– வாசகி, திண்டுக்கல்

பிடிக்காமல் போனது சரிதான் தங்கச்சி. ஆயா வேலை என்பவர் இதற்குப் படிப்பு வேண்டாம் என்கிறார், புண்ணியம் என்பவர் இதற்குச் சம்பளம் வேண்டாம் என்கிறார். நானும் 19 வருடம் இதே வேலையில் இருந்தவள். ஆண்டு விழாவில் 'தெய்வம் மாதிரி' என்று பொன்னாடை போர்த்திய நிர்வாகம்தான், அம்மாவுக்கு ஆபரேஷன் என்று நான்கு நாள் லீவு கேட்டபோது 'பிள்ளைகளை விட்டுட்டு எப்படிம்மா போவீங்க' என்றது.

வீட்டில் கேட்பவர்களிடம் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை ஒரு பிள்ளையை வைத்துச் சொல்லுங்கள். என்னிடம் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வந்தான், தினமும் ராத்திரி இட்லியைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைப்பான், காலையில் படுக்கை முழுக்க எறும்பு. திட்டலாம், உறையை உதறிவிட்டுப் போகலாம். நாளைக்குச் சாப்பாடு வருமா என்று தெரியாமலே வளர்ந்த பிள்ளை அவன் என்பது எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது. அப்புறம் கட்டில் பக்கத்தில் ஒரு டப்பாவில் பிஸ்கட் போட்டு அவன் பெயர் எழுதி வைத்தேன். யாரும் அதைத் தொட மாட்டார்கள் என்று அவன் நம்ப நான்கு மாதம் பிடித்தது. இந்த வேலைக்குக் கண் வேண்டும், பொறுமை வேண்டும், பிள்ளையின் பயம் எப்படியெல்லாம் வெளியே வரும் என்கிற படிப்பும் வேண்டும்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். அதில் எழுத வேண்டியதில் பாதி உங்கள் கண்ணில்தான் படும். பிள்ளை எப்போது தூங்குகிறான், யார் பார்க்க வந்துபோன பிறகு சாப்பிடாமல் இருக்கிறான் என்று தினமும் ஒரு நோட்டில் எழுதி, பிள்ளை எங்கே, யார் பராமரிப்பில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு உட்காரும் நாளில் அதை எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள். உங்கள் வேலையின் மதிப்பை நீங்களே முன்வைக்க எனக்குத் தெரிந்த முதல் வழி அதுதான்.

கேள்வி: ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஓர் இல்லத்தில் சாப்பாடு போடுகிறோம். வேறு என்ன செய்யலாம்?
– வாசகர், ஈரோடு

சாப்பாடு போடுங்கள், பிள்ளைகளைப் போட்டோ மட்டும் எடுக்காதீர்கள். அப்படியே பொறுப்பாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர்?' 100 பிள்ளைகள் உள்ள இல்லத்துக்கு இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள் சொல்லும் இல்லத்தாய், இல்லத்தந்தை எண்ணிக்கை மொத்தமே 4. மூன்று ஷிப்டாகப் பிரித்து, வார விடுமுறையும் கழித்துப் பாருங்கள், ராத்திரியில் 100 பிள்ளைக்கு ஒருவர் நிற்பார். ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருவன் படுக்கையை நனைத்துவிட்டான், மூன்றாவது பிள்ளை கெட்ட கனவு கண்டு அலறுகிறான், எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். நன்கொடை கொடுக்கிறவர் கேட்டால் நிர்வாகம் காதில் வாங்கும், இல்லத்தாய் கேட்டால் வாங்காது. அதனால் நீங்கள் கேளுங்கள்.

கேள்வி: செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் ஒரு பையன் பணியாளர்கள் அடித்ததால் இறந்துபோனான். அதற்குப் பிறகும் பணியாளர்களுக்காகப் பேசுவது நியாயமா?
– வாசகி, மதுரை

கேட்க வேண்டிய கேள்வி அம்மா. கூர்நோக்கு இல்லம் என்பது வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இடம். 2022 டிசம்பர் கடைசியில் நடந்தது அது. அந்தப் பிள்ளைக்கு 17 வயது, பணியாளர்கள் 6 பேர் கைதானார்கள். அடிக்கிற கைக்காக நான் ஒருநாளும் பேச மாட்டேன். தன் பொறுப்பில் இருக்கும் பிள்ளையைக் கொடுமைப்படுத்தும் இல்லப் பணியாளருக்கு 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு சொல்கிறது. அது நடக்க வேண்டும்.

ஆனால் தண்டனை தப்பு நடந்த பிறகுதானே வரும்? அந்த வேலைக்கு யாரை எடுத்தார்கள், கோபத்தில் கொந்தளிக்கும் 16 வயதுப் பையனை எப்படி அமைதிப்படுத்துவது என்று யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை முன்னாலேயே கேட்க வேண்டும். பல இடங்களில் சேர்ந்த அன்றைக்கே சாவியைக் கொடுத்து டியூட்டிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இல்லங்களைச் சீர்செய்யப் பரிந்துரைக்கும்படி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது, 2023இல் அறிக்கையும் வந்தது.

தென்னாப்பிரிக்காவில் இந்த வேலைக்கென்று தனித் தொழில்பெயர் உண்டு, சமூக சேவைத் தொழில்களுக்கான கவுன்சிலில் பெயரைப் பதிந்தவர்தான் செய்ய முடியும். நடத்தை விதிகளை மீறினால் பதிவையே எடுத்துவிட முடியும். இங்கே ஓர் இல்லத்தில் பிள்ளையை அடித்து வெளியேற்றப்பட்டவர் அடுத்த மாதம் பக்கத்து ஊர் இல்லத்தில் சேர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன், அவர் எங்கிருந்து வருகிறார் என்று கேட்கவே அங்கே ஆள் இல்லை. பயிற்சி, பதிவு, ஒழுங்கான சம்பளம் மூன்றையும் நான் சேர்த்தே கேட்பது அதனால்தான். நல்ல இல்லத்தாய் மாதக் கடைசியில் கடன் வாங்கும் சம்பளத்தில் எத்தனை வருடம் தாக்குப்பிடிப்பாள்? அவள் விட்டுப்போன இடத்தில் கிடைக்கிற ஆளைத்தான் போடுவார்கள், நேற்றுவரை அவளிடம் பேசிய பிள்ளை மறுபடி வாயை மூடிக்கொள்ளும்.